கடல் கடந்து பிழைத்த வெள்ளைக்கல் புனிதர்கள்

கல்லில் செதுக்கிய உருவம் காலத்தை வென்று நிற்கும் என்பது நம்மிடையே வழங்கும் நம்பிக்கை. ஆயினும் கல் நிலைத்தாலும், அதனைப் போற்றும் மாந்தர் மனம் நிலைத்திருப்பதில்லை. பாட்டன் விளக்கேற்றி வணங்கிய உருவத்தைப் பேரன் சம்மட்டி கொண்டு உடைத்த வரலாறுகள் உலகில் பல உண்டு. அவற்றுள் ஒன்றை நம் இதழின் வாசக அன்பர்கள் முன் வைக்க விழைகிறோம்.

இங்கிலாந்து நாட்டில் 14-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி தொடங்கி 16-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை, ஏறத்தாழ 200 ஆண்டுக்காலம், கிறிஸ்தவப் புனிதர்களின் உருவங்களை வெள்ளைக்கல்லில் செதுக்கும் தொழில் செழித்து விளங்கியது. அரசர் கோயிலுக்கும் அது பயன்பட்டது; எளிய குடும்பத்தின் படுக்கையறை மாடத்திற்கும் பயன்பட்டது. இன்று அவ்வுருவங்களைக் காண விரும்பி இங்கிலாந்தின் சிற்றூர்க் கோயில்களுக்குச் செல்வோர் பெரும்பாலும் வெறும் மாடங்களையே காண்பர். ஆனால் பிரான்சிலும் ஸ்பெயினிலும் டென்மார்க்கிலும், பனி சூழ்ந்த ஐஸ்லாந்திலும்கூட, அதே ஆங்கிலேயச் சிற்பிகளின் கைவேலை கோயில்களில் இன்றும் நிற்கின்றது. பிறந்த மண்ணில் இருந்தவை அழிந்தன. கடல் கடந்து போனவை பிழைத்தன. இது நேர்ந்த விதத்தை அறிவது பயனுடையதாகும்.

நகம் பட்டால் கீறும் கல்

அலபாஸ்டர் என்று மேனாட்டார் கூறும் இக்கல்லுக்குத் தமிழ் வேதாகமம் வெள்ளைக்கல் என்று பெயரிட்டுள்ளது. இயேசுநாதர் மீது நறுமணத் தைலம் வார்த்த பெண்மணி கொணர்ந்தது வெள்ளைக்கல் பரணி என்பதைக் கிறிஸ்தவ அன்பர்கள் அறிவர். பழைய எகிப்திலும் அதனைச் சூழ்ந்த நாடுகளிலும் இப்பெயரால் வழங்கிய கல் பெரும்பாலும் சுண்ணாம்புக் கல் இனத்தைச் சேர்ந்தது. இங்கிலாந்தின் வெள்ளைக்கல்லோ ஜிப்சம் என்னும் கனிமத்தின் நெருங்கிய, நேர்த்தியான வடிவம். சிமெண்டு விரைந்து இறுகிவிடாமல் இருக்க அதனோடு அரைத்துச் சேர்ப்பது இந்த ஜிப்சமே. இதனைச் சுட்டுப் பொடியாக்கினால் மருத்துவமனையில் எலும்பு முறிவுக்கு மாவுக்கட்டுப் போடும் பொடி கிடைக்கும்.

இக்கல்லின் குணங்கள் மூன்று. முதலாவது, இதன் மென்மை. நம் வீட்டுக் கல்சட்டிக்குரிய மாக்கல்லைப் போன்றே இதுவும் இளகிய கல். கைவிரல் நகத்தாலேயே இதில் கோடு கீறலாம். பளிங்கைச் செதுக்கப் பல நாள் உழைக்க வேண்டிய இடத்தில், இதனைக் கத்தியும் அரமும் சிற்றுளியும் கொண்டு விரைவில் உருவாக்கிவிடலாம். இரண்டாவது, இதன் ஒளி. மெருகேற்றினால் மெழுகு போன்ற மென்மையான பளபளப்பு உண்டாகும். மெல்லிய இடங்களில் ஒளி ஓரளவு உள்ளே புகும். மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் வெள்ளைக்கல் முகம் உயிருள்ள தோல்போலத் தோன்றுவது இதனால்தான். மூன்றாவது, இதன் குறை. நீரில் சிறிது சிறிதாகக் கரையும் தன்மை ஜிப்சத்திற்கு உண்டு. ஆகவே மழை படும் வெளிச்சுவருக்கு இது ஏற்றதன்று. கூரையின் கீழ் இருக்க வேண்டிய கல் இது.

இக்கல் கிடைத்த இடங்கள் இங்கிலாந்தின் நடுப்பகுதியில், டிரெண்ட் ஆற்றை ஒட்டிய நிலப்பரப்பில் உள்ளன. ஸ்டாஃபோர்ட்ஷயரைச் சேர்ந்த டட்பரியும், டெர்பிஷயரைச் சேர்ந்த செல்லாஸ்டனும் பெயர் பெற்ற சுரங்க ஊர்கள். டட்பரிக் கோயிலில் 12-ஆம் நூற்றாண்டில் எழுந்த மேற்கு வாயில் வளைவின் ஒரு வரிசை வெள்ளைக்கல்லால் ஆனது. அந்நாட்டில் இக்கல்லைக் கட்டடத்தில் பயன்படுத்தியதற்கு நாம் அறிந்தவற்றுள் மிகப் பழைய சான்று அதுவே. எனினும் அதன்பின் ஒன்றரை நூற்றாண்டு கழித்தே இக்கல் பெருவழக்கிற்கு வந்தது. 1327-இல் இறந்த இரண்டாம் எட்வர்டு மன்னருக்குக் குளோஸ்டர் பேராலயத்தில் எழுப்பிய கல்லறையில் மன்னரின் உருவத்தை வெள்ளைக்கல்லில் வடித்தனர். அரசர் விரும்பிய கல்லைப் பிரபுக்களும் விரும்பினர். பிரபுக்கள் விரும்பியதைப் பிறரும் நாடினர்.

பத்து வண்டிகளும் எண்பது குதிரைகளும்

செல்லாஸ்டனுக்கு அண்மையில் உள்ள நாட்டிங்காம் நகரம் இத்தொழிலின் தலைமை இடமாயிற்று. பர்ட்டன், யார்க், இலண்டன் முதலிய ஊர்களிலும் பட்டறைகள் இருந்தன. என்றாலும் 'நாட்டிங்காம் வெள்ளைக்கல்' என்ற பெயரே இன்றளவும் இச்சிற்பங்கள் அனைத்திற்கும் பொதுப்பெயர்போல வழங்குகின்றது.

அந்நகரச் சிற்பியாகிய பீட்டர் மேசன் என்பவர், மூன்றாம் எட்வர்டு மன்னரின் ஆணைப்படி, விண்ட்சர் கோட்டையில் உள்ள புனித ஜார்ஜ் கோயிலுக்காகப் பெரியதோர் பீடப் பலகையைச் செய்து முடித்தார். பூசைப் பீடத்தின் பின்புறம் நிமிர்ந்து நிற்கும் உருவத் தொகுதியையே ஈண்டுப் பீடப் பலகை என்கிறோம். 1367-ஆம் ஆண்டில் அது நாட்டிங்காமிலிருந்து விண்ட்சருக்குப் பயணமாயிற்று. அதனை ஏற்றிச் செல்ல 10 வண்டிகளும் 80 குதிரைகளும் தேவைப்பட்டன. தினந்தோறும் சரக்குச் சீட்டு எழுதிக் கைபழகிய நமக்கு, நகம் பட்டாலும் கீறும் ஒரு பொருளைக் குளிர்காலத்து மண்சாலையில் நூறு மைலுக்கு மேல் கொண்டு சேர்ப்பது என்றால் என்ன என்பது ஒருவாறு விளங்குகின்றது. அதனைக் கட்டி ஏற்றியவர்களின் பெயரை எவரும் குறித்துவைக்கவில்லை. அந்தப் பீடப் பலகையும் இன்று இல்லை.

மன்னர்க்குரிய பெரும் பணிகள் சிலவே. பட்டறைகளுக்கு அன்றாடச் சோறு போட்டவை சிறு பலகைகள். ஒரு பலகை ஏறத்தாழ 16 அங்குல உயரமும் 10 அங்குல அகலமும் கொண்டிருக்கும். ஒவ்வொன்றிலும் ஒரு நிகழ்ச்சி புடைப்புச் சிற்பமாக அமையும். ஐந்து அல்லது ஏழு பலகைகளை வரிசையாக மரச்சட்டத்தில் பொருத்தி, இரு கோடிகளிலும் தனித்தனிப் புனிதரை நிறுத்தினால் ஒரு பீடப் பலகை முடிந்துவிடும். பலகையின் முதுகைச் செதுக்கி எடுத்துக் கனம் குறைப்பர். அங்கே துளையிட்டு, ஈயம் வார்த்து, பித்தளைக் கம்பி பதிப்பர். அக்கம்பியே பலகையை மரத்தோடு பிணைத்து நிறுத்துவது. அருங்காட்சியகங்களில் நாம் காணாத அந்த முதுகுப்புறத்தில்தான் உளியின் தழும்புகளும் கம்பித் துளைகளும் இன்றும் உள்ளன.

வெள்ளைக்கல் என்றவுடன் இவ்வுருவங்கள் வெள்ளையாகவே இருந்தன என்று எண்ணிவிடலாகாது. முகத்தையும் கைகளையும் கல்லின் இயல்பான நிறத்திலேயே பெரும்பாலும் விட்டு, தலைமுடிக்கும் முடிக்கும் பொன் பூசினர். மேலாடையின் உட்புறத்திற்குச் சிவப்பும் நீலமும் தீட்டினர். நிலத்தைக் கரும்பச்சையாக்கி, அதன்மேல் வெள்ளைப் புள்ளிகளும் நடுவே சிவப்புப் பொட்டும் வைத்துச் சிறு பூக்கள் வரைந்தனர். இந்தப் பூப்புள்ளிகள் நாட்டிங்காம் வேலைக்கு முத்திரை போன்றவை. வண்ணம் பெரும்பாலும் உதிர்ந்துவிட்ட பலகைகளிலும், மடிப்புகளின் ஆழத்தில் ஒரு துளிப் பச்சையையோ பொன்னையோ இன்றும் காணலாம்.

கையில் உள்ள பொருளே பெயர்

எழுத்தறியாத மக்களே அக்காலத்தில் மிகுதி. ஆகவே புனிதரின் பெயரைக் கல்லில் பொறித்துப் பயனில்லை. கையில் ஏந்திய பொருளைக் கொண்டே இன்னார் என்று அறிந்தனர். திறவுகோல் ஏந்தியவர் இராயப்பர். வாள் ஏந்தியவர் சின்னப்பர். முள் பதித்த சக்கரம் கத்தரீனம்மாளுக்குரியது. அச்சக்கரத்தில் அவரைக் கிழித்துக் கொல்ல முயன்றபோது அது தானே சிதறியது என்பது வரலாறு. மார்கரீத்தம்மாள் பறவை நாகத்தின் வயிற்றைப் பிளந்துகொண்டு வெளிவருபவராகக் காட்சி தருவார். அவர் ஊறின்றி வெளிவந்ததால், கருவுற்ற பெண்கள் பேறுகாலத்தில் அவரை வேண்டிக்கொண்டனர். எராஸ்முஸ் என்னும் ஆயரின் குடலைச் சுற்றுருளையில் சுற்றி இழுக்கும் கொடிய காட்சியும் பலகைகளில் உண்டு. அதே உருளை கப்பலில் கயிறு சுற்றும் கருவியையும் நினைவூட்டியமையால் மாலுமிகள் அவரைத் தம் காவலராகக் கொண்டனர்.

தம் நாட்டுப் புனிதரான தாமஸ் பெக்கெட்டையும் ஆங்கிலேயர் பெரிதும் போற்றினர். அவர் கான்டர்பரியின் பேராயர். திருச்சபையின் உரிமை குறித்து இரண்டாம் ஹென்றி மன்னரோடு முரண்பட்டார். 1170-ஆம் ஆண்டு டிசம்பர் 29-ஆம் நாள், அரசனுடைய வீரர் நால்வர் பேராலயத்தினுள்ளேயே அவரை வெட்டிக் கொன்றனர். உருவிய வாள்களோடு நிற்கும் வீரர்களையும், பீடத்தின் முன் மண்டியிட்ட பேராயரையும் நாட்டிங்காம் சிற்பிகள் செதுக்கினர். அரசனை எதிர்த்த ஒருவரின் உருவத்தை மக்கள் வணங்கினர் என்பதை வாசகர்கள் நினைவில் கொள்க. பின்னர் நேர்ந்தவற்றை அறிய அது உதவும்.

நம்மோடு தொடர்புடைய ஒருவரும் இக்கற்களில் இடம்பெற்றிருக்கிறார். கன்னி மரியாள் விண்ணுக்கு எழுந்தருளும் பலகைகளில், வானவர் சூழ மேலேறும் அன்னையின் காலடியில் ஒருவர் சிறு உருவமாக மண்டியிட்டுக் கைநீட்டியிருப்பார். அன்னை தன் இடைக்கச்சையை அவிழ்த்து அவரிடம் விடுவாள். அவர்தாம் தோமையார். ஏனைய சீடர்கள் கூடியிருந்த வேளையில் அவர் மட்டும் இந்தியாவில் இருந்தமையால் காலந்தாழ்ந்து வந்தார் என்றும், அவர் ஐயம் தீர அன்னை கச்சையை அளித்தாள் என்றும் அக்காலப் பழங்கதை கூறுகின்றது. அவர் மயிலாப்பூரில் உயிர் துறந்தார் என்பது நம் நாட்டுக் கிறிஸ்தவரின் மரபு; சாந்தோம் ஆலயமும் பரங்கிமலையும் அம்மரபின் அடையாளங்கள். மயிலையை நேரிற் கண்டிராத நாட்டிங்காம் சிற்பி, இந்தியாவிலிருந்து நெடுவழி நடந்து வந்தவராக எண்ணப்பட்ட ஒருவரைத் தன் கல்லில் செதுக்கினான்.

வீட்டு மாடத்தில் ஒரு தலை

இத்தொழிலின் உயிர்நாடி, ஏழையும் வாங்கத்தக்க ஒரு பொருளைப் படைத்தமையே. அது ஸ்நானக அருளப்பரின் தலை. ஏரோது அரசன் அவரைச் சிறையில் வெட்டுவித்து, அவர் தலையைத் தட்டில் வைத்துக் கொடுத்தான் என்று வேதாகமம் கூறுகின்றது. பிரான்சின் அமியேன் பேராலயம் 1206-ஆம் ஆண்டு முதல் அத்தலையின் திருப்பண்டத்தைத் தன்னிடம் வைத்திருப்பதாகக் கூறி வந்தது. திரளான யாத்திரிகர் அங்குச் சென்றனர். செல்ல இயலாதவர்களுக்கு நாட்டிங்காம் சிற்பிகள் அத்தலையை வெள்ளைக்கல்லில் செதுக்கித் தந்தனர். வட்டத் தட்டின்மேல் கண்மூடிய தாடி முகம். சுற்றிலும் சிறு உருவில் இராயப்பரும் ஓர் ஆயரும். கீழே இயேசுநாதர் அல்லது ஆட்டுக்குட்டி. இதனைக் கதவுள்ள சிறு மரப்பெட்டியில் பொருத்தி விற்றனர். வீட்டில் வைத்து, வேண்டும்போது கதவைத் திறந்து வணங்கி, பின் மூடிவிடலாம். இத்தகைய தலைகளைப் பிள்ளைகளுக்கு எழுதிவைத்த உயில்களும் உள்ளன.

ஊர்விட்டு ஊர் வந்து குடியேறிய நம்மவர் வீடுகளில், பாத்திரங்களை அடுக்குமுன் சுவரில் ஆணியடித்து மாட்டுவது குலதெய்வத்தின் படம் அல்லவா? கோயில் தொலைவில் இருப்பவனுக்கு வீட்டில் ஒரு மாடம் வேண்டும். அந்த உணர்வையே நாட்டிங்காம் வணிகரும் அறிந்திருந்தனர்.

அவ்வணிகம் எத்துணைப் பெரிது என்பதற்கு ஒரு வழக்கே சான்று. நிக்கொலாஸ் ஹில் என்னும் உருவச் சிற்பி, தன் சரக்கை ஊர் ஊராக விற்றுவரும் பொறுப்பை வில்லியம் போட் என்பவனிடம் ஒப்படைத்திருந்தார். கணக்கில் தகராறு எழுந்தது. 1491-இல் ஹில் நாட்டிங்காம் நீதிமன்றத்தை நாடினார். வழக்கிற்குரிய சரக்கு அருளப்பரின் தலைகள் 58. சில பெட்டியோடு கூடியவை. சில மாடத்தில் நிறுத்துதற்குரியவை. ஒரு சிற்பி ஒரே விற்பனையாளனிடம் 58 தலைகளை ஒப்படைக்க முடிந்ததென்றால், அந்நகரப் பட்டறைகளிலிருந்து ஆண்டுதோறும் எத்தனை வெளிச்சென்றிருக்கும் என்பதை வாசகரே ஊகிக்கலாம். புனிதர்கள் கணக்கில் எழுதும் சரக்காயினர் என்று முகம் சுளிப்போர் உண்டு. ஆனால் விலை மலிந்ததால்தான் குடியானவன் வீட்டிலும் அருளப்பர் குடிபுகுந்தார் என்பதை நாம் மறத்தலாகாது.

கப்பலேறிய புனிதர்கள்

உள்நாட்டில் விற்றது போகக் கடல் கடந்தும் இச்சரக்கு சென்றது. 1382-ஆம் ஆண்டிலேயே, போப்பாண்டவருக்காக இங்கிலாந்தில் வரி தண்டிய காஸ்மோ ஜென்டிலிஸ் என்பவர், மரியாள், இராயப்பர், சின்னப்பர் ஆகியோரின் பெரிய வெள்ளைக்கல் உருவங்களையும், திரித்துவத்தின் சிறிய உருவம் ஒன்றையும் ரோமாபுரிக்கு அனுப்ப உரிமை பெற்றார். பளிங்குக்குப் பெயர் போன இத்தாலிக்கு இங்கிலாந்திலிருந்து சிற்பம் சென்றதென்றால் இதன் புகழை அறியலாம். பிரான்சின் ஃபேகாம் மடத்தைச் சேர்ந்தோர், 1414-இல் அலெக்சாண்டர் தெ பெர்னவால் என்னும் சிற்பியைச் செல்லாஸ்டனுக்கே அனுப்பி, தாமஸ் பிரென்டிஸ் என்பவரிடம் கல் வாங்கினர்.

ஜான் குட்இயர் என்பவர் வைட் தீவில் சேல் என்னும் சிற்றூரின் பங்குக் குரு. அவர் 1456-இல் ஸ்பெயின் நாட்டுச் சந்தியாகோ தெ கொம்போஸ்தேலா பேராலயத்திற்கு ஒரு வெள்ளைக்கல் பீடப் பலகையைக் காணிக்கையாக அளித்தார். அங்கே அடக்கமானதாக நம்பப்படும் யாகப்பரின் வாழ்க்கையை ஐந்து பலகைகள் கூறுகின்றன. இயேசுநாதர் அவரை அழைத்தது முதல், கொலையுண்ட அவருடைய உடல் கப்பலில் ஸ்பெயின் சேர்ந்தது வரை அவற்றில் காணலாம். எளிய ஊரின் குரு ஒருவர் உலகப் பெரும் யாத்திரைத் தலத்திற்கு அளித்த அக்காணிக்கை இன்றும் அங்குள்ளது.

கப்பல் சென்ற வழியே உருவங்களும் சென்றன. போர்தோ நகருக்குத் திராட்சை மது வாங்கச் சென்ற கப்பல்கள் அப்பகுதிக் கோயில்களுக்குப் பலகைகளைக் கொண்டு சேர்த்தன. 15-ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயர் உலர்ந்த மீனுக்காக ஐஸ்லாந்து சென்றுவந்தனர். அத்தீவின் வடபகுதியில் உள்ள ஹோலார் பேராலயத்தில் நாட்டிங்காம் வேலைப்பாடுள்ள பீடப் பலகை ஒன்று இன்றும் இருக்கின்றது. டென்மார்க்கின் போர்பியர்க் கோயிலில் புனித ஜார்ஜின் வரலாறு வெள்ளைக்கல்லில் விளங்குகின்றது.

சட்டம் வந்தது

எட்டாம் ஹென்றி மன்னர் போப்பாண்டவரின் தலைமையை மறுத்துத் தாமே திருச்சபைக்குத் தலைவரான பின், காற்று மாறியது. 1536 முதல் 1540 வரையில் மடங்கள் மூடப்பட்டன. 1538-இல் மன்னர் வெளியிட்ட ஆணை, தாமஸ் பெக்கெட்டைப் புனிதர் என்று அழைக்கலாகாது என்றும், அவர் உருவங்களை எங்கும் அகற்ற வேண்டும் என்றும் கூறியது. அரசனை எதிர்த்து மடிந்தவருக்கு அரசனின் நாட்டில் இனி இடமில்லை. 368 ஆண்டுகளுக்குப் பின் அப்பேராயர் மீண்டும் ஒருமுறை கொலையுண்டார் எனலாம்.

ஹென்றிக்குப் பின் 1547-இல் ஆறாம் எட்வர்டு ஒன்பது வயதுச் சிறுவனாக அரியணை ஏறினார். அவரைச் சூழ்ந்தோர் சீர்திருத்தத்தில் தீவிரமுடையோர். உருவத்தை வணங்குவது இறைவனின் கட்டளைக்கு மாறானது என்பது அவர்களின் உறுதியான கொள்கை. அவர்கள் வெறும் பொருளாசையால் இதனைச் செய்தார்கள் என்று கூறிவிடுவது நேர்மையாகாது. மக்கள் கல்லை நம்பிக் கடவுளை மறந்தனர் என்று அவர்கள் உண்மையாகவே அஞ்சினர். 1548-இல் எல்லா உருவங்களையும் கோயில்களிலிருந்து எடுக்கும்படி ஆணை பிறந்தது. 1550-இல் பாராளுமன்றச் சட்டமே வந்தது. கல், மரம், மண் ஆகியவற்றோடு வெள்ளைக்கல்லையும் பெயர் சொல்லிக் குறிப்பிட்டு, அவற்றால் ஆன உருவங்களைச் சிதைத்து அழிக்க வேண்டும் என்று அச்சட்டம் விதித்தது.

அச்சட்டத்தில் ஒரு விலக்கு உண்டு. அரசர், பிரபுக்கள் முதலிய இறந்தோரின் கல்லறை உருவங்கள், அவர்களைப் புனிதர் என்று எவரும் கருதாதவரை, இருக்கலாம். இதன் விளைவை நார்த்தாம்டன்ஷயரின் லோவிக் கோயிலில் காணலாம். 1419-இல் செல்லாஸ்டனைச் சேர்ந்த தாமஸ் பிரென்டிஸும் ராபர்ட் சட்டனும் 40 பவுன் கூலிக்கு ஒப்பந்தம் செய்து, ரால்ஃப் கிரீன் என்னும் நிலக்கிழாருக்கும் அவர் மனைவிக்கும் அங்கே வெள்ளைக்கல் கல்லறை அமைத்தனர். கணவனும் மனைவியும் கைகோத்துப் படுத்திருக்கும் அவ்வுருவங்கள் இன்றும் உள்ளன. ஒரே சுரங்கத்தின் கல். ஒரே மரபில் வந்த உளி. நிலக்கிழார் தப்பினார், புனிதர் தப்பவில்லை. எவரும் வணங்காத உருவத்தினால் எவருக்கும் அச்சமில்லை.

சட்டம் அழிக்கச் சொன்னதை வணிகன் விற்கக் கண்டான். 1550 செப்டம்பரில், பிரான்சில் இருந்த ஆங்கிலேயத் தூதர் சர் ஜான் மேசன் தம் அரசுக்கு எழுதிய செய்தியில், உருவங்களை ஏற்றிய மூன்று நான்கு கப்பல்கள் இங்கிலாந்திலிருந்து வந்தன என்றும், பாரிசிலும் ரூவானிலும் பிற ஊர்களிலும் அவை விற்பனையாகின்றன என்றும் குறிப்பிட்டார். இவ்வாறு முன்பு காணிக்கையாகச் சென்றவையும், வாணிகத்தில் சென்றவையும், இறுதியில் ஆபத்துக்குத் தப்பிச் சென்றவையும் அயல்நாடுகளில் ஒன்றுசேர்ந்தன.

1553-இல் அரசியான மேரி பழைய சமயத்தை மீட்டார். ஐந்தே ஆண்டுகளில் அவரும் மறைந்தார்; 1559-இல் எலிசபெத் அரசியின் ஆணைகள் மீண்டும் உருவங்களை விலக்கின. பர்ட்டனில் எஞ்சிய சிற்பிகள் பெரியோர் கல்லறைகளைச் செய்து பிழைத்தனர். புனிதரைச் செதுக்கும் கலை அறுந்துபோயிற்று. தந்தையிடமிருந்து மகன் கற்றுவந்த கைத்திறன் ஒரு தலைமுறை இடைவெளியில் மறைந்துவிடுவதை நாம் நம் நாளிலும் காண்கிறோம். உளி இருக்கும், கல்லும் இருக்கும். சொல்லித் தருவோர் இரார்.

மண்ணுக்குள் காத்திருந்தவை

ஆனால் எல்லோரும் சட்டத்திற்கு அடங்கிவிடவில்லை. 1779-இல் நாட்டிங்காமுக்கு அண்மையில் ஃபிளாஃபோர்டு என்னும் ஊரின் பழங்கோயிலை இடித்தபோது, தரைக்கு அடியில் மூன்று வெள்ளைக்கல் உருவங்கள் கிடைத்தன. குழந்தையை ஏந்திய மரியாள், போப்பாண்டவர் கோலத்தில் இராயப்பர், ஓர் ஆயர் ஆகிய மூவரும் ஊறின்றி இருந்தனர். சஃபோக் மாவட்டத்து லாங் மெல்ஃபோர்டு கோயிலிலும் தரையின்கீழ் ஒரு பலகை கிடைத்தது. குழந்தை இயேசுவை மூன்று அரசர்கள் வணங்கும் காட்சி அதில் உள்ளது. அதே மாவட்டத்தில் கெட்டில்பாஸ்டன் கோயிலின் சுவருக்குள்ளிருந்து 1864-இல் பலகைகள் வெளிவந்தன.

இவற்றைப் புதைத்தவர் எவர் என்பதற்கு எழுத்துச் சான்று இல்லை. உடைத்து எறிவதாயின் குழி தோண்டிப் பத்திரமாகக் கிடத்தவேண்டிய தேவை இல்லை. காலம் மீண்டும் திரும்பும், அன்று தோண்டி எடுப்போம் என்ற நம்பிக்கையோடு யாரோ அவற்றை மண்ணுக்கு ஒப்படைத்திருத்தல் வேண்டும். இடத்தை அறிந்தவர் பிள்ளைக்குச் சொல்லியிருக்கலாம். சொல்ல அஞ்சியும் இருக்கலாம். ஃபிளாஃபோர்டில் கடப்பாரை அவற்றைத் தொட்டபோது, சட்டம் வந்து 229 ஆண்டுகள் ஆகியிருந்தன.

இன்று உலகெங்கும் இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட நாட்டிங்காம் சிற்பங்கள் எஞ்சியுள்ளன. அவற்றுள் மிகப் பெரிய தொகுதி இலண்டனில் உள்ள விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்திற்குரியது. அது அங்குச் சேர்ந்த வகையும் வியப்புக்குரியதே. வால்ட்டர் லியோ ஹில்ட்பர்க் என்பவர் நியூயார்க்கில் பிறந்து இலண்டனில் வாழ்ந்தவர். அவர் பல ஆண்டுகள் ஐரோப்பியப் பழம்பொருட் கடைகளில் தேடித் தேடி இவற்றை வாங்கினார். 1946-இல், தம் எழுபதாம் பிறந்தநாளையொட்டி, 250-க்கு மேற்பட்ட சிற்பங்களை அருங்காட்சியகத்திற்கு நன்கொடையாக அளித்தார். ஆங்கிலேயர் துரத்திய புனிதர்களை ஆங்கில மண்ணுக்கு மீட்டுத் தந்தவர் ஓர் அமெரிக்கர்.

மீண்டு வந்தாலும் அவை இன்று கண்ணாடிப் பேழைக்குள் இருக்கின்றன. மெழுகுவர்த்தி இல்லை, வேண்டுதல் இல்லை, பேறுகால வலியில் மார்கரீத்தம்மாளை அழைப்பாரும் இல்லை. அழகைக் காண்பார் உளர். எதற்காகச் செய்யப்பட்டனவோ அதற்காக நாடுவார் அரியர். ஹோலாரிலும் போர்பியர்க்கிலும் எஞ்சியவையோ கோயிலிலேயே இருக்கின்றன. அங்கும் சமயம் மாறத்தான் செய்தது. லூத்தர் வழிச் சபைகளே அங்கு நிலைபெற்றன. எனினும் அம்மக்கள் தம் கொள்கையை மாற்றிக்கொண்டபோது முன்னோர் வைத்த உருவத்தைச் சுவரிலிருந்து பெயர்க்கவில்லை. ஒரே சீர்திருத்தம் ஓரிடத்தில் சம்மட்டி எடுத்தது. வேறிடத்தில் பழையதைப் பழையதாகவே இருக்க விட்டது. கொள்கை மாறும்போது கைகளும் உடைக்கத்தான் வேண்டும் என்பதில்லை என்பதற்கு அக்கோயில்கள் சான்றாகும்.

நம் சங்க அன்பர்களின் பிள்ளைகள் படிப்பின் பொருட்டும் பணியின் பொருட்டும் இலண்டன் செல்வது இந்நாளில் அரிதன்று. விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தின் நிலைக்காட்சிகளைக் காண நுழைவுக் கட்டணம் இல்லை. அங்கே செல்வோர் வெள்ளைக்கல் பலகைகளின் முன் சிறிது நேரம் நின்று, ஆடை மடிப்புகளின் ஆழத்தை உற்று நோக்குவாராக. பச்சை நிலத்தில் வெள்ளைப் புள்ளியும் சிவப்புப் பொட்டுமாக ஒரு பூ எங்கேனும் எஞ்சியிருக்கக் காண்பர். பெயர் தெரியாத ஒரு நாட்டிங்காம் தொழிலாளி, அன்றைய கூலிக்காக, அரை நொடியில் தூரிகை நுனியால் வைத்த பூ அது.